வரப்பில் இரண்டு கல்

ஆச்சியின் மடியில் ஒரு மஞ்சள் துணிப்பை. அதற்குள் கையை விட்டு எதையோ தொட்டுப் பார்ப்பதும், இருக்கிறது என்று தெரிந்ததும் கையை வெளியே எடுப்பதுமாக இருந்தார். நாலைந்து முறை பார்த்துவிட்டேன். ஆறாவது முறை அதை வெளியிலேயே எடுத்தார். திருநீறு போட்டு வைக்கும் அளவில் ஒரு எவர்சில்வர் சம்படம். மூடியைத் திறந்தபோது உள்ளே கொஞ்சம் தண்ணீர் தளும்பியது. தண்ணீருக்குள் கீழ்வரிசைப் பல்செட் கிடந்தது.

நெல்லைச் சீமையில், நான்குவழிச் சாலையை ஒட்டிய ஒரு பல் மருத்துவக் கல்லூரி. செயற்கைப் பல் பிரிவின் தாழ்வாரம். ஆடிக்காற்று புழுதியை அள்ளி உள்ளே வீசிக்கொண்டிருந்தது. என் அத்தைக்குப் பல் கட்டுவதற்காகப் புதன்கிழமைதோறும் அழைத்துப் போய் வந்த நாட்கள் அவை. அத்தை உள்ளே போய்விட்டால் ஒரு மணி நேரம் பெஞ்சில் நான் மட்டும். எதிர் பெஞ்சில் ஆச்சியும் அவருடைய மருமகளும்.

எழுபதைத் தாண்டிய உடம்பு. வயலில் குனிந்து குனிந்து வளைந்த முதுகு. விரல் கணுக்கள் புடைத்திருந்தன. ஏதாவது பேச வேண்டுமென்றால் முந்தானை முதலில் வாய்க்கு வரும், பேச்சு அதற்குப் பின்னால் வரும். மேல்வரிசைப் பல் வாயில் இருந்தது. கீழே வெறும் ஈறு. அதனால் மூக்கும் மோவாயும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு வருவதுபோல் முகத்தின் கீழ்ப்பாதி சுருங்கியிருந்தது.

பக்கத்தில் இருந்த அம்மாள் மருமகளிடம் கேட்டாள், "பல்லு வச்சிருக்காவளே, பெறவு ஏன் போடாம பைக்குள்ள வச்சிருக்காவ?"

"மேல உள்ளது நிக்குது மயினி. கீழ உள்ளதுதான் ஆடுது. வாயத் தொறந்தா எந்திரிச்சிருது. சோத்த மென்னா அது ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம். அடியில ஒரு பருக்க போய்ட்டுன்னா ஈறெல்லாம் புண்ணு. மூணு செட்டு மாத்தியாச்சு."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன வைகாசியில எங்க அண்ணன் மக கல்யாணம். பந்தி நடக்கு. இவியளத் தேடுதேன், ஆளக் காணல. மண்டபத்துக்குப் பின்னால, பாத்திரம் கழுவுத எடத்துல, ஒரு கிண்ணத்துல ரசஞ்சோத்தக் கரைச்சுக் குடிச்சுக்கிட்டு நிக்காவ. பல்லு சம்படத்துல. எனக்கு நெஞ்ச அடைச்சுட்டு. எத்தன கல்யாணத்துல இப்படி நின்னாவளோ, யாருக்குத் தெரியும்? 'பசியில்ல, நீங்க சாப்பிடுங்க'ன்னு சொல்லுவாவ. நாங்களும் நம்பிட்டோம்."

ஆச்சி சம்படத்தை மூடிப் பைக்குள் வைத்தார். மருமகள் சொன்னது காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குள் மருமகளின் செல்போன் அடித்தது. திருப்பூரில் இருக்கும் ஆச்சியின் மகன். இரைச்சலில் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டாள். "அம்மைக்கு இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்? எலும்புல துளை போடுவாங்களாமே!" என்ற குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. மருமகள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எழுந்து தூண் பக்கம் போனாள். "நீங்க தெனம் மூணு வேள மென்னுதானே சாப்பிடுதிய?" என்று அவள் கேட்டது மட்டும் எனக்குக் கேட்டது.

அந்தப் பிரிவு ஒரு நீளமான கூடம். இடுப்பளவுத் தடுப்புகளுக்கு நடுவே வரிசையாக நாற்காலிகள். வெளியே இருந்தாலும் உள்ளே பேசுவது கேட்கும். பேராசிரியர் வந்தார். அவருக்குப் பின்னால் நாலு பிஜி மாணவர்கள். ஆச்சியின் கீழ் ஈற்றின் மேல் உறை போட்ட விரலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக ஓட்டிப் பார்த்தார். பிறகு ஓபிஜி என்ற தாடை எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். தாடை எலும்பு, இரு ஓரமும் மேலே தூக்கிய மெல்லிய பிறையாகத் தெரிந்தது.

"பல்லெல்லாம் எடுத்து எத்தன வருசமாச்சு ஆச்சி?"

"பதினஞ்சு இருக்கும் ஐயா."

"வயல் உண்டா?"

"ஆத்துப் பாசனம். ரெண்டு போகம்."

"வரப்புல புல்லு வேரு இருக்கிற வரைக்கும் வரப்பு நிக்கும். புல்லச் செதுக்கிட்டு விட்டா?"

"தண்ணி அடிச்சுக் கரைச்சிரும்."

"அதான் உங்க வாய்ல நடந்திருக்கு."

பேராசிரியர் ஒப்பனைக்காகச் சொன்ன உவமை இல்லை அது. பல் இருக்கும்வரை, மெல்லும் ஒவ்வொரு முறையும் வேர் வழியாக எலும்புக்குள் அழுத்தம் போகிறது. அந்த வேலைதான் எலும்பைத் திடமாக வைத்திருக்கிறது. பல் போனதும் எலும்புக்கு வேலை போய்விடுகிறது. உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. முதல் ஆண்டில் வேகமாக, பிறகு நிதானமாக, ஆனால் நிற்காமல். முழுப் பல்செட் போட்டவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1972இல் வெளியான ஓர் ஆய்வு, மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை சுமார் நான்கு மடங்கு கரைகிறது என்று கண்டது. மேல்செட்டுக்கு அண்ணம் முழுவதும் இடமாகக் கிடைக்கிறது. ஈரத்தில் ஒட்டிய கண்ணாடித் தட்டுபோல் அது பிடித்துக்கொள்கிறது. கீழ்செட்டுக்கு ஒரு லாட வடிவம்தான் மிச்சம். அதன் நடுவே ஓயாமல் அசையும் நாக்கு, வெளியே இழுக்கும் கன்னம். வரப்பும் கரைந்துவிட்டால் அது எதன்மேல் உட்காரும்? மூன்று செட் மாற்றியதில் செட் செய்தவர்கள்மேல் குற்றமில்லை. நிற்பதற்குத் தரை இல்லை.

அளவெடுக்கும் தட்டில் இளஞ்சிவப்புக் களிம்பைப் பூசி ஆச்சியின் வாயில் வைத்தார்கள். அது இறுகும்வரை மூன்று நிமிடம் அசையக்கூடாது. அந்த மூன்று நிமிடத்தில் பேராசிரியர் மாணவர்களுக்குச் சொன்ன கதையை நானும் கேட்டேன்.

1952. சுவீடனில் லுண்ட் நகரம். பெர் இங்வர் பிரோனமார்க் என்ற ஆய்வாளர், எலும்பு எப்படி ஆறுகிறது, அதற்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காக ஒரு முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன சிறு கருவியைப் பொருத்தினார். வேலை முடிந்து கழற்றப் போனால் கழலவில்லை. எலும்பு வளர்ந்து உலோகத்தோடு ஒன்றாகியிருந்தது. விலை உயர்ந்த கருவி வீணாயிற்றே என்று விட்டுவிடாமல், ஏன் கழலவில்லை என்று அவர் கேட்டார். 1965இல் கோதன்பர்க் நகரில், பிறவியிலேயே தாடைக் குறை உள்ள கோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகளை வைத்தார். மருத்துவ உலகம் உடனே நம்பவில்லை. 1982இல் டொரண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் மற்ற நாடுகளின் பல் மருத்துவர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். லார்சன் 2006இல் இறந்தார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் திருகுகள் அவர் வாயில் உழைத்தன.

களிம்பு இறுகிவிட்டது. தட்டை எடுத்ததும் ஆச்சி வாயைத் துடைத்துக்கொண்டு, முந்தானைக்குப் பின்னால் இருந்து கேட்டார்.

"அப்ப, கரைஞ்ச வரப்புல ரெண்டு கல்லு நடப் போறியளாக்கும்?"

பேராசிரியர் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "எழுதிக்கிடுங்க. இதுக்குமேல யாரும் வெளக்க முடியாது."

இரண்டு திருகு போதும் என்றார். ஆறு எட்டு வைத்து, கழற்றவே வேண்டாத பல்வரிசை கட்டலாம். அதற்குச் செலவு பல மடங்கு, எலும்பும் நிறைய வேண்டும். கீழ்த்தாடையின் முன்பக்கத்தில், கோரைப்பல் இருந்த இரண்டு இடங்களிலும் ஒவ்வொன்று வைத்து, அதன்மேல் செட்டை மாட்டினால் ஆட்டம் நின்றுவிடும். பக்கவாட்டில் எலும்புக்குள் ஓடி உதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு அந்த இடத்துக்குப் பின்னாலேயே வெளியேறிவிடுகிறது. அதனால் முன்பக்கம் ஆபத்து குறைவு. அங்கேதான் எலும்பும் கடைசிவரை கெட்டியாக நிற்கும். 2002இல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், கீழ்வரிசைப் பல் முழுதும் இல்லாதவர்களுக்கு முதலில் எடுத்துச் சொல்ல வேண்டிய சிகிச்சை இதுதான் என்று அறிவித்தார்கள்.

ஒரு பிஜி டாக்டரம்மா, இம்ப்ளான்ட் எனப்படும் அந்தத் திருகில் மாதிரிக்கு வைத்திருந்த ஒன்றை மருமகளின் உள்ளங்கையில் வைத்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற நானும் எட்டிப் பார்த்தேன். நெல்மணியைவிடக் கொஞ்சம் நீளம், கொஞ்சம் தடிமன். 10 மில்லிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் விட்டம். மங்கிய சாம்பல் நிறம். உடம்பெல்லாம் திருகுப் புரி. பளபளப்பே இல்லை. எலும்பு பற்றிக்கொள்வதற்காக அதன் மேற்பரப்பை வேண்டுமென்றே சொரசொரப்பாக்கி வைத்திருக்கிறார்கள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் மருமகள்.

அன்று வேலை நடக்கவில்லை. ஆச்சிக்குச் சர்க்கரை அதிகம். கட்டுக்குள் வந்த பிறகு வரச் சொல்லிவிட்டார்கள். சர்க்கரை ஏறிக் கிடந்தால் எலும்பு ஒட்டுவது தாமதப்படும், புண்ணும் சீழ் வைக்கும். புகை பிடிப்பவர்கள், எலும்புத் தேய்வுக்குச் சில மருந்துகள் எடுப்பவர்கள், தாடையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் எல்லோருக்கும் இதே எச்சரிக்கை உண்டு. வயது மட்டும் தடையில்லை என்று பேராசிரியர் மருமகளைப் பார்த்து இரண்டு முறை சொன்னார். திருப்பூருக்குப் போய்ச் சேர வேண்டிய வார்த்தை அது என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

புரட்டாசியில் மறுபடி பார்த்தேன். கார் அறுப்பு முடிந்து, நெல் போட்ட பணத்தோடு வந்திருந்தார்கள். ரவிக்கைக்குள்ளிருந்து சுருக்குப்பையை எடுத்து, பணத்தை ஆச்சியே எண்ணிக் கொடுத்தார். மருமகளை எண்ண விடவில்லை.

அறுவைசிகிச்சை அறைக்குள் போனதும் கதவு சாத்தப்பட்டது. மருமகள் பெஞ்சில் உட்காரவே இல்லை. துளை போடும் சத்தம் அவ்வளவாக வெளியே வரவில்லை. மெல்லிய ரீங்காரம், நிற்கும், மறுபடி கேட்கும். எலும்பில் அவசரப்பட முடியாது. சூடு ஏறினால் எலும்பு செத்துவிடும். ஒரு நிமிடம் 47 டிகிரி செல்சியசைத் தாங்குவதே அதற்கு எல்லை. அதனால் உப்பு நீரை ஊற்றிக்கொண்டே, சிறிய துளையில் ஆரம்பித்துப் படிப்படியாக அகலமாக்குகிறார்கள். கடைசியில் திருகை உள்ளே இறக்கி முறுக்கும்போது, முறுக்குவிசை 35 நியூட்டன் சென்டிமீட்டரைத் தொட்டால் நல்ல பிடிப்பு என்று கணக்கு. கதவு திறந்து வெளியே வந்த டாக்டரம்மா முதலில் சொன்னதும் அந்த எண்ணைத்தான். "ரெண்டுமே முப்பத்தஞ்சு." மருமகளுக்கு அது என்னவென்று புரிந்திருக்காது. சொன்னவளின் முகம் புரிந்தது. அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஆச்சி கன்னத்தில் பனிக்கட்டிப் பொதியை வைத்துக்கொண்டு நடந்து வந்தார். பத்து நாள் கீழ்செட் போடக்கூடாது, சூடாகக் குடிக்கக்கூடாது, கூழும் கஞ்சியும்தான். பிறகு தையல் பிரித்து, பழைய செட்டின் அடியைக் குடைந்து மெத்தென்ற பூச்சுக் கொடுத்துத் தருவார்கள். எலும்பு பிடிக்க மூன்று மாதம்.

"மூணு மாசமா?" என்றாள் மருமகள்.

"நட்ட நாத்து வேர் புடிக்கதுக்கு முன்னால புடுங்கிப் பாப்பியாட்டி?" என்றார் ஆச்சி, பஞ்சைக் கடித்த வாயோடு.

மார்கழியில் ஈற்றைச் சிறிதாகக் கீறித் திருகுகளின் தலையை வெளியே எடுத்தார்கள். புதிய செட்டுக்கு அளவெடுப்பு, மெழுகுப் பட்டையில் கடிபார்ப்பு, மெழுகிலேயே பல் அடுக்கி முகம் பார்ப்பு என்று வாரம் ஒன்றாக வேலைகள் நடந்தன. என் அத்தையின் வேலை முடிந்திருந்தாலும் ஈற்றுப் புண்ணுக்காக வந்துகொண்டிருந்தோம். பல்லின் நிறம் பார்க்கும் அட்டையைக் காட்டியபோது எல்லோரும் வெள்ளையைக் கேட்பதுபோல் ஆச்சி கேட்கவில்லை. "எம் பல்லு இப்படித்தான் இருந்துச்சு" என்று கொஞ்சம் மஞ்சள் ஓடிய ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

தை மாதம் ஒரு புதன்கிழமை செட்டை மாட்டினார்கள். ஈற்றுக்கு மேலே இரண்டு உலோகப் பொத்தான்கள் தெரிந்தன. செட்டின் அடியில் அவற்றுக்கு நேராக இரண்டு குழி. குழிக்குள் நைலான் வளையம். டாக்டரம்மா செட்டை வைத்துவிட்டு, "நீங்களே விரலால அழுத்துங்க ஆச்சி" என்றாள். இரண்டு கட்டை விரலையும் வைத்து அழுத்தினார்.

டக்.

சட்டைப் பொத்தான் போடும் சத்தம்தான். ஆனால் ஆச்சி அப்படியே உறைந்து உட்கார்ந்துவிட்டார். நாக்கால் செட்டை மேலே தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. மறுபடி தள்ளினார். பதினைந்து ஆண்டுகள் அந்த நாக்குக்குச் செட்டைப் பிடித்து வைப்பதே வேலையாக இருந்திருக்கிறது.

"பேசுங்க ஆச்சி. ஒண்ணுலேருந்து இருபது வரைக்கும் எண்ணுங்க."

ஆச்சி முதுகை நிமிர்த்தினார். களத்துமேட்டில் மரக்காலைக் கையில் பிடித்தவர்போல், "லாபம்" என்று ஆரம்பித்தார். நெல் அளக்கும்போது எங்கள் பக்கத்தில் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். முதல் மரக்கால் லாபம். "லாபம், ரெண்டு, மூணு, நாலு..." எண்ணிக்கை ஏற ஏறக் குரலும் ஏறியது. இருபதில் நிற்கவில்லை. இருபத்தேழு வரை போனார். கூடத்தில் மற்ற நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முந்தானை தோளிலேயே கிடந்தது.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பது பழமொழி. எழுத்துப் பிறக்கும் எட்டு இடங்களில் ஒன்றாகப் பல்லைத் தொல்காப்பியம் எண்ணி வைத்திருக்கிறது. நாம் பல்லைச் சோற்றோடு மட்டுமே சேர்த்துப் பார்க்கிறோம். பேசக் கூசி வாயை மூடிக்கொண்ட கிழவர்களை, "வயசாயிட்டு, அமைதியாயிட்டாங்க" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

அன்று மதியம் கேன்டீனில் அவர்களைப் பார்த்தேன். சுவரோரம் இடமிருந்தும் ஆச்சி கூடத்தின் நடுமேசையில், ஆட்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முன்னால் ஓர் உளுந்தவடை. டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தபடி சின்னதாகப் பிட்டு, இரு பக்கமும் போட்டு, நிதானமாக மென்றார். மருமகள் தன் தட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வடை முடிய இருபது நிமிடம் ஆகியிருக்கும். யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசித் துண்டை விழுங்கிவிட்டு, "உப்புக் கம்மி" என்றார் ஆச்சி. மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

இது சொந்தப் பல் ஆகிவிடாது. கரும்பைக் கடிக்க முடியாது. பொத்தான்களைச் சுற்றித் தினமும் துலக்க வேண்டும். துலக்காவிட்டால் ஈறு வீங்கி, சுற்றியுள்ள எலும்பு கரைந்து, நட்ட கல்லும் ஆடிவிடும். நைலான் வளையம் தேயும். தேயத் தேய மாற்ற வேண்டும். ஆறு மாதத்துக்கொரு முறை காட்ட வேண்டும். இரவில் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டு, ஈற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அந்தச் சம்படம் இன்னும் ஆச்சியிடம்தான் இருக்கிறது. இரவில் அதற்குப் பழைய வேலை. பகலில் அது காலி.

ஆறு மாதமும் நான் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் ஒன்று கேட்டிருப்பேன்: "பசியில்ல" என்று சொன்ன அத்தனை பந்திகளிலும் உங்களுக்குப் பசித்ததா ஆச்சி? பதில் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

உங்கள் வீட்டிலும் ஒரு சம்படம் இருக்கலாம். பீரோவில், பூசையறை மாடத்தில், தலையணைக்கு அடியில். பல்லே கட்டாதவர்களும் இருக்கலாம். "இந்த வயசுல எதுக்கு" என்று கேட்பதற்கு முன்னால் அவர்களை ஒருமுறை பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அடுத்த கல்யாணத்தில் பந்தி போட்டதும், யார் உட்காரவில்லை என்று எண்ணிப் பாருங்கள். ஆள் குறைந்தால், மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தில் போய்த் தேடுங்கள்.